படகும் அம்மாவின் தாச்சியும்

மல்வேர்ன், ஸ்காபறோ
27-06-1996, வியாழக்கிழமை

அன்பு மகள் நிலாணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் அண்ணன் கிருபனும் ரதி அண்ணியும் நல்ல சுகம். என் நகக்கண்களில் ஏறிய வார்னிஷ் மட்டும் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போக மறுக்கிறது. நீயும் மருமகன் ராகுலனும் பேர்கன் நகர மழையில் தடிமன் காய்ச்சல் பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். தைப்பொங்கலுக்கு ரெலிபோனில் கதைத்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, அங்க நாள் முழுக்க என்னதான் செய்யிறியள்?" என்றாய். சும்மா இருக்கிறம் பிள்ளை என்று சொல்லி றிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி நழுவினால் நான் விட்டிருக்க மாட்டேன். உண்மை என்னவென்றால் அப்போது என்னிடம் விடை இருக்கவில்லை. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனபின் ரெலிவிஷனில் காலநிலை பார்ப்பேன், பிறகு யன்னலால் அதே காலநிலையைப் பார்ப்பேன். இப்போது விடை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆறுதலாக இருந்து வாசி.

அண்ணன் போன இலையுதிர்காலத்தில் இந்த வீட்டை வாங்கியது உனக்குத் தெரியும். ஆனால் கராஜில் வீட்டோடு சேர்ந்து வந்த ஒரு சாமானைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். முன்பு இருந்த வெள்ளைக்காரர் மேற்கே மகளிடம் போனபோது ஒரு மரப்படகை விட்டுவிட்டுப் போனார். ஐம்பதுகளில் செய்த துடுப்புப் படகு, உடம்பு நல்லது, மேல்மரம்தான் கெட்டுவிட்டது, விரும்பினால் வைத்திருங்கள், இல்லாவிட்டால் எறியுங்கள் என்றாராம். உடம்பு சீடர் மரம், ஒரு பலகையின் விளிம்பில் மற்றப் பலகை ஏறி, மீன் செதில் மாதிரி அடுக்கியது. சுற்றி ஓடும் விளிம்புச் சட்டமும் இருக்கைகளும் முன்தட்டும் மஹோகனி. நான் முதன்முதலில் கன்வஸைத் தூக்கிப் பார்த்தபோது வார்னிஷ் பொருக்குப் பொருக்காகக் கழன்று, கீழே மரம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஆணித் தலைகளைச் சுற்றிக் கறுப்பு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட கப்பல் வந்திட்டுது, கப்டன்" என்றா. அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்குப் பெயர் கப்டன்.

அண்ணனுக்குப் படகு பிடிக்கவில்லை. அவனைக் குறை சொல்லமாட்டேன். படகு கராஜில் இருந்ததால் அவனுடைய கார் முழுக் குளிர்காலமும் வெளியில் நின்றது. விடியக்காலை வேலைக்குப் போகுமுன் கண்ணாடியில் இறுகிய ஐஸைச் சுரண்டுவது அவன், கை விறைத்து வருவதும் அவன். பனி கரைந்ததும் என்னிடம் வந்து, "அப்பா, ஜூன் கடைசிச் சனிக்கிழமை சீமோன் அண்ணை லொறியோட வருவார். அதுக்குள்ள உது ஆரும் விரும்புற சாமானா மாறவேணும். இல்லாட்டிக் குப்பைக்குத்தான்" என்றான். சீமோன் அவனோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிற, பாஷையூர்ப் பக்கத்து ஆள், கடலோடும் வள்ளங்களோடும் வளர்ந்தவர், வாய் நிறையப் பகிடி. தவணை போட்டுக் கேள்வி தந்தால் ஒரு வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த நாளே பஸ் எடுத்து நூல்நிலையத்துக்குப் போய், படகு மரவேலைப் புத்தகம் இரண்டு எடுத்து வந்தேன்.

சுடுகாற்று ஊதும் கருவியால் சூடாக்கி, சுரண்டியால் தள்ள, பழைய வார்னிஷ் சுருள் சுருளாக எழும்பி வந்தது. கறுப்பை எடுக்க ஒக்சாலிக் அமிலம் என்று புத்தகத்தில் கண்டபோது பழைய சிநேகிதனைத் தெருவில் கண்ட மாதிரி இருந்தது. பிலிம்பிக்காயில் புளிப்பது அதுதான் என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். கரைத்துப் பூசி, ஒரு இரவு விட்டுக் கழுவினால், கறுத்த மரம் வெளுத்துத் தேநீர் நிறத்துக்கு வந்தது. பிறகு சாண்ட் பேப்பரால் தேய்ப்பு. மரத்தின் ரேகை போகும் பக்கமாகத்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் அப்போது தெரியாது, வார்னிஷ் பூசியபின் ஊருக்கே தெரியும். முதல் பூச்சுக்கு வார்னிஷையும் அதைக் கரைக்கிற ரேப்பன்ரைனையும் பாதிக்குப் பாதி கலந்து தண்ணீர் மாதிரிப் பூச வேண்டும், அப்போதுதான் மரம் குடிக்கும். புதிதாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு முதல் நாளே முழுப் பாடத்தையும் ஊற்ற முடியுமா? அடுத்தடுத்த பூச்சுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிப்பைக் கூட்டலாம். ஒவ்வொரு பூச்சும் காய்ந்து பளபளத்ததும் அதையே மறுபடி தேய்த்து மங்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பூச்சு பிடிக்காது. அண்ணி ஒருநாள் வேலையால் வந்து பார்த்துவிட்டு, "மாமா, நேற்றுப் பளபளவெண்டு இருந்ததை ஏன் பழுதாக்கிறியள்?" என்று உண்மையாகவே கவலைப்பட்டாள். அவளுக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் எடுத்தது. எனக்கு அது நல்ல அரை மணித்தியாலம்.

போன சனிக்கிழமை வரைக்கும் எல்லாம் அச்சாவாகப் போய்க்கொண்டிருந்தது. ஞாயிறு காலை நான் கோயிலுக்கு றிச்மண்ட் ஹில் போய்விட்டு, மத்தியானம் வந்து, தூசு துடைத்து, முன்தட்டில் கடைசிப் பூச்சுக்கு முந்தியதைப் பூசினேன். பூசிவிட்டு நிமிர்ந்தால் என் கண் முன்னாலேயே வார்னிஷ் விலகத் தொடங்கியது. நெய் தடவிய தட்டில் தண்ணீர் தெளித்தால் எப்படி ஒதுங்கும், அப்படி. வட்டம் வட்டமாகக் குழி, ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு புள்ளி. புத்தகம் அதை மீன்கண் என்கிறது. முன்தட்டு முழுக்க மீன்கள் என்னையே பார்த்தன. லொறி வர ஒரு கிழமைகூட இல்லை. அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை பிள்ளை. வார்னிஷ் பழுதா, பிறஷ் பழுதா, புழுக்கமா என்று மாறி மாறி யோசித்தேன். மரத்தில் எண்ணெய்ப் பிடிப்பு இருந்தால் இப்படி வரும் என்று புத்தகத்தில் இருந்தது. அம்மா உடனே, "உங்கட தலையில வைக்கிற நல்லெண்ணெயாத்தான் இருக்கும்" என்று வழக்கை முடித்துவிட்டா. யோசிக்கும்போது அடிக்கடி தலையைத் தடவும் பழக்கம் எனக்கு இருக்கிறது, மறுக்க முடியவில்லை.

ஆனால் ஊகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாதல்லவா. திங்கட்கிழமை மூன்று துண்டுப் பலகை எடுத்தேன். மூன்றையும் ஒரே மாதிரித் தேய்த்தேன். ஒன்றைக் கீழ் அறையில் வைத்தேன். ஒன்றில் என் தலையைத் தடவிய கையால் ஒருதரம் தடவி, அதையும் கீழேயே வைத்தேன். மற்றதைக் கராஜில், படகுக்குப் பக்கத்தில் வைத்தேன். இங்கே உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கு பல தமிழ் வீடுகளில் கராஜ்தான் இரண்டாவது குசினி. உள்ளே பொரித்தால் புகை மணி அலறும், அண்ணியின் வேலை உடுப்பெல்லாம் மணக்கும். அதனால் கராஜ் மூலையில் ஒரு கரண்ட் அடுப்பும் அம்மா பொரிக்கிற தாச்சியும் இருக்கின்றன. அது எங்களுக்குச் சுவர் மாதிரிப் பழகிப்போன பொருள், அதை யார் பார்க்கிறார்கள்? அன்றும் அம்மா வழக்கம் போல அங்கே கத்தரிக்காய் பொரித்தா. பின்னேரம் மூன்று பலகைக்கும் வார்னிஷ் பூசினேன். கீழ் அறைப் பலகை கண்ணாடி. தலைப் பலகையில் விரல் பட்ட இடத்தில் மட்டும் ஓரிரு குழி. கராஜ் பலகை முழுக்க மீன்கண்.

அப்போதுதான் ஞாயிறு காலை நான் கோயிலில் நின்ற நேரம் என்ன நடந்தது என்று கேட்டேன். இங்கத்தைப் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு ஆண்டு முடிவு ஒன்றுகூடலுக்கு அம்மா ஒரு பெரிய சட்டி உழுந்து அரைத்து, அண்ணியோடு சேர்ந்து கதவைச் சாத்திக்கொண்டு வடை சுட்டிருக்கிறா. தாச்சியிலிருந்து எழும்பிய எண்ணெய்ப் புகை அப்படியே நான் முதல் நாளே தேய்த்து வைத்த மரத்தில் படிந்திருக்கிறது. முந்தின பூச்சுகளெல்லாம் தேய்த்த கையோடு பூசியதால் தப்பியிருக்கின்றன. நான் பலகைகளை அம்மாவுக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். அம்மா மூன்றையும் வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தா. பிறகு, "அப்ப என்ர வடைதானோ உங்கட கப்பலைத் தாட்டது?" என்றா. ஓம் என்றேன். "அந்த வடையில எத்தினை திண்டனீங்கள்?" என்றா. நான் பலகைகளைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினேன். வார்னிஷும் ரேப்பன்ரைனும் இருக்கிற இடத்தில் சூட்டடுப்பு வைத்திருந்தோமே, அது மீன்கண்ணைவிடப் பெரிய பிழை என்று இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. அடுப்பு அன்றே பின்வளவுக்குப் போய்விட்டது. இனி மழையென்றாலும் குடைக்குக் கீழேதான் பொரியல்.

செவ்வாய்க்கிழமை நான் கெட்ட பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, ரேப்பன்ரைன் தோய்த்த துணியால் துடைக்கத் தொடங்கினேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. பொறுக்க முடியாமல், "உந்தத் துணியால எண்ணெயை இடம் மாத்திறியள், அவ்வளவுதான். தள்ளுங்கோ" என்று உள்ளே வந்தா. என்னுடைய பழைய வேட்டியைக் கிழித்து மடித்து, ஒரு இழுப்புக்கு ஒரு பக்கம், அடுத்த இழுப்புக்கு மடிப்பை மாற்றி, முன்தட்டிலிருந்து பின் இருக்கைவரை துடைத்தா. நான் பின்னால் காய்ந்த துணியோடு போனேன். கை நோகுது என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. இடையில், "இது தண்ணியில போனா நானும் ஏறலாமோ?" என்று மட்டும் கேட்டா. இவ்வளவு நாளும் அதைக் கேட்காமல் கப்டன் கப்டன் என்று பகிடி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறா. அன்று பின்னேரம் பூசிய பூச்சு அசையாமல் படுத்தது. நேற்றுக் காலை மெல்லமாகத் தேய்த்து, கடைசிப் பூச்சுப் பூசி, கராஜ் கதவைச் சாத்தி, ஒருவரும் திறக்கக்கூடாது என்று அட்டையில் எழுதி ஒட்டினேன்.

இந்தக் கிழமை அண்ணனுக்கு இரவு வேலை, இன்று காலை ஐந்து மணிக்கு முடிந்து வந்தான். அட்டையை வாசித்தும் கதவைத் திறந்துவிட்டான், அவன் சின்னனிலும் அப்படித்தான். நான் படியிறங்கி வந்தபோது மின்குமிழைப் போட்டுவிட்டுப் படகுக்கு முன்னால் குனிந்து நின்றான். முன்தட்டில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் நிமிர்ந்து படுக்கப் போய்விட்டான். மத்தியானம் எழும்பிக் கடைக்குப் போனவன், ஒரு பெரிய பையோடு வந்தான். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் உயிர்காப்பு அங்கிகள். அதில் ஒன்று சின்ன அளவு, அம்மாவுக்கென்றே பார்த்து வாங்கியது. பிறகு எங்களுக்கு முன்னாலேயே ரெலிபோனை எடுத்து, "சீமோன் அண்ணை, சனிக்கிழமை லொறி வேணும்தான். ஆனாக் குப்பைக்கில்லை, தண்ணிக்கு" என்றான். மறுமுனையில் சீமோன் சிரித்தது எனக்கே கேட்டது. "மாஸ்ரரிட்டைச் சொல்லும், பலகை தண்ணி குடிச்சு ஊதி இறுகும் வரைக்கும் ஒழுகும், வாளி கொண்டு வரட்டாம்" என்றாராம்.

ஆகவே நாளை மறுநாள் பிக்கறிங் பக்கத்து ஏரிக் குடாவில் இறக்குகிறோம். அங்கே அலை குறைவு. அம்மா முன்மூக்கில் தேங்காய் அடிக்க வேண்டும் என்கிறா. என் வார்னிஷில் தேங்காயா? கரையில் கிடக்கும் கல்லில் அடிப்பதென்று சமாதானத்துக்கு வந்திருக்கிறோம். குளிர் வந்தால் படகு எங்கே இருக்கும் என்று அண்ணன் இன்னும் கேட்கவில்லை, நானும் கிளப்பவில்லை. படம் எடுத்து அனுப்புகிறேன். நீங்கள் இருவரும் எங்கே இருந்தாலும் மனமொத்து, நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி வாழ அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். போன கடிதத்தில் உங்கள் வீட்டு யன்னலின் கீழ்ச்சட்டம் கறுத்துப்போனது, பெயின்ற் அடித்து மூடப்போகிறோம் என்று எழுதியிருந்தாய். மூடுவதற்கு முன், அதில் உன் உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் ரேகை போகும் பக்கமாகத் தேய்த்து, மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசி, வீட்டில் ஒன்றும் பொரிக்காமல் அடுத்த நாள் காலைவரை விட்டுப் பார்.

என்றும் உன் அன்பு அப்பா,
செ. செல்வரட்ணம்