கழுத்து அச்சும் நீ கேட்ட மன்னிப்பும்

நிலவறையில் அந்த மெழுகு டப்பாவை இன்று திறந்தேன். ஆட்டு ரோமக் கொழுப்பின் மணம் முகத்தில் அடித்தது. சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளில் இதைப் பூசித்தான் எஃகு அச்சுக்குள் அமுக்குவோம். வெடித்தபோது வீங்கிய கோது அப்படித்தான் மறுபடி தோட்டாவாகும் அளவுக்குச் சுருங்கும். உனக்கு இந்த மணம் பிடிக்கும். எனக்கு இப்போது கோபம்தான் வருகிறது, மச்சான். உன் மேல்தான்.

இந்த நாட்டின் சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்த பிறகுதான் நாம் இருவரும் லாங்கன்தாலில் சூட்டுக் கழகத்தில் சேர்ந்தோம். இலங்கைக் கடவுச்சீட்டோடு இங்கே துவக்கு வாங்க விடமாட்டார்கள். ஊரில் சண்டை முடிந்த பிறகு உனக்கெதற்குத் துவக்கு என்று சனம் கேட்டபோது, "நான் கடதாசியைத்தானே சுடுறன்" என்று சிரித்தாய். இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினியில் வாரம் முழுக்க வெந்துவிட்டு, சனிக்கிழமை முந்நூறு மீற்றர் இலக்கின் முன் வந்து படுத்தால்தான் உனக்கு மூச்சு வரும்.

எந்த அச்சு வாங்குவது என்று கிழமைக் கணக்காகச் சண்டை பிடித்தோம். கோதின் கழுத்தை மட்டும் சுருக்கும் அச்சு போதும், பித்தளை நெடுநாள் உழைக்கும் என்றாய். பீல் நகரில் கடிகாரப் பாகங்கள் கடைந்து பிழைக்கும் நான், முழுக் கோதையும் அமுக்கும் அச்சுத்தான் வேண்டும் என்றேன். "ஒரு துவக்கிலை வீங்கினது இன்னொரு துவக்குக்குள்ளை போகாதடா." கடைசியில் நீயே இறங்கி வந்தாய். "சரி, முழுசா அமுக்கிறதையே வாங்குவம். இல்லாட்டி நீ என்னை விடமாட்டாய்."

பிறகு குழுப் போட்டி வந்தது. எல்லோருக்கும் நீயே தோட்டா நிரப்ப வேண்டும் என்றார் கழகத் தலைவர். கோதுகள் அவருடைய துவக்கில் சுட்டவை. முழு அச்சு பித்தளையைக் கெடுக்கும் என்று சொல்லித் தன் கழுத்து அச்சை உன் கையில் தந்தார்.

"இது மற்றாக்களின்ரை துவக்குக்குப் பொருந்தாதெண்டு அவருக்குச் சொல்லு" என்றேன்.

"சொன்னனான் மச்சான். தான் எப்பவும் இப்பிடித்தானாம்."

"அப்ப செய்யாதை."

"எங்களைக் கழகத்திலை சேர்த்த மனுசன். எப்பிடி மாட்டன் எண்டுறது?"

போட்டியன்று தோட்டா முழுதாக உள்ளே இறங்காமல் என் துவக்கின் பூட்டு மூடவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவருக்கும் மூடவில்லை. நேரம் முடிந்தது. தலைவருடைய துவக்கு மட்டும் ஒழுங்காக வெடித்தது. மற்றக் கழகத்தவர்கள் எல்லோரும் நிற்க, அவர் உன்னைச் சுட்டிக் காட்டினார். "தோட்டா செய்தவர் இவர்தான். இவர்களிடம் கொடுத்தது என் முட்டாள்தனம்."

இவரிடம் அல்ல, இவர்களிடம். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். தலையைக் குனிந்து, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாய்.

ரயிலில் திரும்பும்போது கேட்டேன், "ஏன்டா?"

"பாஸ்போர்ட் தந்த நாடு. விடு."

"பாஸ்போர்ட் அவரோ தந்தவர்?" என்று கத்தினேன். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தாய். அதன் பிறகு கழகத்தின் பக்கம் நீ வரவேயில்லை. பனி கரையுமுன் ஒருநாள் குசினியில் விழுந்தாய். மாரடைப்பு என்றார்கள்.

செத்தவீட்டுக்குத் தலைவர் மலர்வளையத்தோடு வந்தார். இரண்டு வார்த்தை பேசவும் செய்தார். "அமைதியான மனிதர். ஒரேயொரு பிழை விட்டார். அதையும் நாங்கள் மன்னித்துவிட்டோம்."

நான் எழும்பினேன். உன் பெட்டியின் முன் நின்று, எல்லோருக்கும் கேட்க, ஜெர்மன் மொழியில் சொன்னேன். "பிழை அவருடையதல்ல. அச்சும் உங்களுடையது, கோதும் உங்களுடையது. பொருந்தாது என்று அவர் உங்களிடம் சொன்னார்."

தலைவர் வெளியே போனார். உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணை, என்னட்டையும் தன்ரை பிழையெண்டுதானே சொன்னவர்" என்று அழுதாள். வீட்டிலுமா? அவளிடமுமா அந்த மனிதரைக் காப்பாற்றினாய்?

கழகத்துக்கு இப்போது வேறு தலைவர். அவரவர் துவக்கில் சுட்ட கோதை அவரவரே நிரப்புகிறோம். உன் மகள் பல்கலைக்கழகம் போகிறாள். போன ஞாயிறு கேட்டாள், "மாமா, பிழை செய்யாமல் அப்பா ஏன் மன்னிப்புக் கேட்டவர்?"

கேட்டபோது எனக்கு மறுபடி கோபம்தான் வந்தது. உனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் இது. நீ ஒருநாளும் கோபப்படாமலே போய்விட்டாய். அதை நான்தான் வைத்திருக்கிறேன், ஆறவிடாமல்.