துளசி மாடத்தைச் சுற்றிய மணி

வெள்ளி, இரவு.

கால்நடை மருத்துவமனை அறையில் இன்று இருந்தவர்கள்: டாக்டரம்மா, இவர், நான், மேசை மேல் எங்கள் நாய் மணி.

ஒரு மாதமாக மணி துளசி மாடத்தை வலமாகவே சுற்றினான். பக்தி என்று நினைத்தேன். தினமும் எத்தனை சுற்று என்று இந்த நோட்டில் எழுதி, அவன் நெற்றியில் குங்குமமும் வைத்தேன். டாக்டரம்மா பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"மூளைல அழற்சியா இருக்கும்மா. ஒரே பக்கமா சுத்துறது அதோட அறிகுறி. மூணு சுத்து எழுதினப்பவே வந்திருக்கலாம்."

"நாய் சாமி கும்புடுதுன்னு கவரைப்பேட்டை பூரா சொல்லிக்கினு திரிஞ்சியே," என்றார் இவர். சொல்லிவிட்டு மணியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். ஷிப்டுக்கும் போகவில்லை.

மாத்திரை தொடங்கியாயிற்று. இதற்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று ஒன்று உண்டாம், இன்னும் சோதனை அளவில்தானாம். ஸ்கேன் எடுத்ததும், அந்தச் சோதனையில் மணியைச் சேர்த்துக்கொள்வார்களா என்று டாக்டரம்மா சென்னையில் கேட்டுச் சொல்கிறாராம். "அந்த நோட்டையும் கொண்டு வாங்கம்மா, எப்ப ஆரம்பிச்சதுன்னு அதுலதான் இருக்கு," என்றார்.

இப்போதும் சுற்றுகிறான். நகச் சத்தம் கேட்கிறது. எண்ணக் கூடாது என்றுதான் படுத்தேன். பதினேழு வரை எண்ணிவிட்டேன்.

முருகா, சேர்ப்பார்களா மாட்டார்களா? சீக்கிரம் பதில் சொல்.