மிச்சத் தணல்

மதிப்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் முழுசாகக் கேட்காமல் "ஊருக்கு வந்துரு" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

புதன்கிழமை துணிக்கடையில் லீவு. அறைத்தோழி ஸ்வர்ணலதாவும் நானும் பட்டினப்பாக்கத்தில் சங்கரா மீன் வாங்கி, மொட்டைமாடியில் சட்டியடுப்பில் கரி மூட்டிச் சுட்டுச் சாப்பிட்டோம். பொழுது சாய்ந்ததும் ஒரே கொசு. மிச்சத் தணலை வீணாக்குவானேன் என்று சட்டியோடு அறைக்குள் கொண்டுவந்து, சாம்பிராணி தூவி, கதவு ஜன்னலெல்லாம் சாத்தினேன். அம்மா சாம்பிராணி போடும்போது நம் வீட்டில் வாசலும் கொல்லையும் திறந்திருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. ஸ்வர்ணா எழுந்து நிற்க முடியாமல் சரிந்தாள். கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்துப் போட்டேன். டாக்டர் பார்த்தார், மூடின அறையில் கரித்தணலின் விஷவாயு ஏறிவிட்டது என்றார். இப்போது தேறிவிட்டாள்.

வீட்டுக்காரப் பாஞ்சாலி அக்கா, "மாடில நெருப்பு வச்சிக்கினு இன்னா கூத்தும்மா இது? இனிமே அடுப்பே கூடாது" என்றார்.

"மாடில ஒண்ணும் ஆகலக்கா. உள்ள கொண்டுவந்து கதவ சாத்துனதுதான் தப்பு, அத செஞ்சது நான். இனி தணல மாடியிலயே தண்ணி ஊத்தி அணைச்சிடுவேன். அடுப்ப மட்டும் விடமாட்டேன்" என்றேன்.

உங்களுக்கும் அதே பதில்தான். ஊருக்கு வரமாட்டேன்.

அம்மாவின் நீள இடுக்கியை அனுப்புங்கள், இங்கே கிடைப்பது கையைச் சுடுகிறது. எதற்கென்று அவளிடம் சொல்ல வேண்டாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த புதனும் மீன் சுடுகிறோம். இடுக்கியை நீங்களே கொண்டுவந்தாலும் சரிதான். கதவு திறந்தேதான் இருக்கும்.

மணிமொழி