தீப்பெட்டிக்குள் பாதித் துரும்பு

மாசி 4, திங்கள்

உறைபனி. கேரட் இலையெல்லாம் உப்புத் தூவிய மாதிரி வெள்ளை.

வா நோட்டே, உட்கார். சுகமா? சாப்பிட்டாயா? ஆறு மாதமாக உன்னைத் தொடவில்லை, கோபிக்காதே. நலம் விசாரிக்காமல் ஆரம்பித்தால் எனக்குப் பேச்சு வராது. கவுஞ்சியில் கதைக்காரப் பெருமாள் என்றால்தான் என்னைத் தெரியும். ஆனால் இந்தக் கதை ஊருக்கு இல்லை. உனக்கு மட்டும்.

காலையில் தபால்காரர். கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டிய கவர்.

"ஏலே பெருமாளு, வக்கீல் கவருல்ல வந்திருக்கு. எவன் வரப்ப வெட்டுன?"

"எவன் வரப்பையும் வெட்டல மாமா."

"அப்ப எவளோ ஒருத்திதான்." சிரித்துக்கொண்டே போய்விட்டார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

உள்ளே நாலு தாள், முழுக்க இங்கிலீஷ். தமிழையே நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கவரின் மூலையில் மட்டும் பேனாவால் தமிழில்: ராசாத்தி, பெரும்பாறை.

என் முதல் சம்சாரம். பதினோரு வருடமாகச் சத்தமே இல்லை.

கவரை ராணியின் சேணத்துக்குள் செருகினேன். ராணி என் மட்டக்குதிரை, தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு மூட்டை சுமப்பவள். செல்வி சேணத்தைத் தொடமாட்டாள். நாற்றம் பிடிக்காது.

இனி செ. என்றால் செல்வி, என் சம்சாரம். ரா. என்றால் ராசாத்தி. விரல் வலிக்கிறது.

மாசி 5, செவ்வாய்

பனி குறைவு. பீன்ஸுக்குத் தண்ணீர். மருந்து அடிக்கவில்லை, மனசு இல்லை.

ரா. கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் சேர்ந்திருந்தோம். சண்டை கிடையாது, பிள்ளை கிடையாது. அவள் பேசமாட்டாள், நான் நிறுத்தமாட்டேன். அவ்வளவுதான். ஒருநாள் சோறு போட்டுவிட்டு, "நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். திரும்ப வரச் சொல்லாதீக," என்றாள். அன்றைக்குப் புளிக்குழம்பு. இன்னும் நாக்கில் இருக்கிறது.

கோயில் முன்னால் பெரியவர்கள் மூன்று பேர் கூடினார்கள். ஒரு துரும்பைக் கிள்ளிப் பாதியை என் கையில், பாதியை அவள் கையில் கொடுத்தார்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, அவள் கையெழுத்து, நான் கைநாட்டு. "அத்துப்போச்சு. இனி அவுகவுக வழி," என்றார் பெரியவர். மேளம் மட்டும்தான் இல்லை. என் பாதியைத் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன். ஏன் என்று கேட்காதே. தூக்கிப்போட மனம் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து செ. வந்தாள், ரா. கதை தெரிந்தேதான். கோயிலில் தாலி கட்டி ஒன்பது வருடம். மகள் தேன்மொழி, எட்டு வயது.

கைநாட்டாக இருந்த எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் செ.தான். முறத்தில் கொள்ளுப்பயறைப் பரப்பி விரலால் எழுத வைத்தாள். ஒருநாள் அ முதல் ஊ வரை எழுதி முடித்தேன். ராணி தலையை நீட்டி இ வரைக்கும் தின்றுவிட்டாள்.

எங்கே விட்டேன். ஆமாம், கவர்.

மத்தியானம் டீக்கடை. காளியப்பனிடம் மெல்லப் போட்டுப் பார்த்தேன். என் சிநேகிதன் ஒருவன், பூம்பாறைப் பக்கம், பொண்டாட்டி வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறாள் என்று.

"தோட்டத்துல பாதிய எழுதி வாங்கிருவா."

பக்கத்தில் பீடி குடித்தவர்: "பாதியா? அவனுக்கு வேற பொண்டாட்டி இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

"அப்ப தோட்டத்த விடு. ஆளயே உள்ள வச்சிருவாக. ஏழு வருசம்."

காளியப்பன் டீயை ஆற்றிக்கொண்டே, "உன் சிநேகிதன இப்பவே நல்லாக் குளிச்சிட்டு இருக்கச் சொல்லு. செயில்ல தண்ணி சில்லுனு இருக்கும்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீக்கு இரண்டு தடவை காசு கொடுத்தேன். நல்லவேளை, பழைய பாக்கி என்று நினைத்திருப்பார்கள்.

மாசி 7, வியாழன்

மூட்டம். நேற்று எழுதவில்லை.

செ.: "ஏங்க, குதிரைக் கொட்டத்துலயே என்ன சோலி? ரெண்டு நாளா ஒரு கதையும் காணோம். காய்ச்சலா?"

"பல்லு வலி."

"எந்தப் பல்லு, காட்டுங்க."

காட்டினேன். லவங்கம் வைத்துவிட்டாள். வலிக்காத பல் எரிந்தது.

என் பயங்கள், வரிசையாக:
போலீஸ்.
தோட்டம்.
தேன்மொழியைப் பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொன்னால்.
கேஸ் என்றால் மலை இறங்கித் திண்டுக்கல் போவது. இதுவரை மூன்றே முறை, மூன்றிலும் வாந்தி.
செ. முகம்.

கடைசியை முதலில் எழுதியிருக்கவேண்டும்.

திங்கள்கிழமை கொடைக்கானல் போகிறேன். கோர்ட்டில் இலவசமாகச் சட்டம் சொல்வார்களாம். விதைப்பூண்டு விலை கேட்கப் போவதாக செ.யிடம் சொல்லியாயிற்று.

மாசி 11, திங்கள்

வெயில். வெள்ளனே முதல் பஸ். மன்னவனூர் தாண்டும்வரை சட்டைக்குள் கவரைப் பிடித்தபடியே. பக்கத்தில் இருந்தவர் நெஞ்சுவலியா என்று கேட்டார்.

சின்ன அறை. ஒரு வக்கீலம்மா, மூக்குக் கண்ணாடி, ஸ்வெட்டர், மேசையில் பாதி தின்ற வாழைப்பழம்.

"என் சிநேகிதன் ஒருத்தனுக்குங்கம்மா."

"சரி. சிநேகிதரை உக்காரச் சொல்லுங்க," என்று எனக்கு நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். படித்தார். அவர் தாளைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்றது. பிறகு பத்திரத்தைக் கொடுத்தேன். தீப்பெட்டியையும் திறந்து வைத்தேன்.

"என்னங்க இது?"

"துரும்புங்கம்மா. என் பாதி."

ரொம்ப நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் பயம்.

"இதுல விவாகரத்து ஆகலைங்க."

"பெரியவுக மூணு பேரு முன்னால..."

"உங்க ஆளுகளோட பழைய வழக்கம்னு கோர்ட்டுல நிரூபிச்சா ஒருவேளை செல்லும். சாட்சி இருக்கா?"

"ரெண்டு பேரு செத்துட்டாக. ஒருத்தருக்கு ஞாபகம் இல்ல."

"அப்ப அது தனிக் கேஸ், வருசக்கணக்குல போகும். இப்போதைக்குச் சட்டத்துல ராசாத்திதான் உங்க மனைவி."

"செல்வி?"

பேனாவை மூடி வைத்தார். "உங்க மனசுல தப்பு எண்ணம் இல்ல, தெரியுது. ஆனா சட்டத்துல அந்தக் கல்யாணம் இல்லைங்க."

தண்ணீர் கொடுத்தார். செயிலா என்று கேட்டேன். முதல் சம்சாரம் புகார் கொடுத்தால் கேஸ் ஆகலாமாம். ஆனால் இந்த நோட்டீஸில் அப்படி ஒரு வரிகூட இல்லையாம். ரா. கேட்பது ஒன்றுதான்: இரண்டு பேரும் சம்மதித்துக் கோர்ட்டில் முறையாகப் பிரிவது.

"பாப்பா?"

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. சட்டம் பிள்ளைய முறையான பிள்ளைன்னுதான் சொல்லுது. உங்க சொத்துலயும் பாத்தியதை உண்டு."

அப்போதுதான் மூச்சு வந்தது. மறந்துபோகும் என்று பஸ்ஸிலேயே எழுதியது:

மனுவில் இரண்டு பேர் கையெழுத்து. ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்திருக்க வேண்டும், அது இருக்கிறது.
கோர்ட் கட்டணம் கொஞ்சம்தான். வக்கீல் கூலிதான் ஆளுக்கு ஆள் மாறும், முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.
பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. என் வருமானம் குறைவு என்று சான்று வாங்கினால் எனக்கும் கிடைக்கலாம்.
மனு போட்டபின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். ரொம்ப நாள் பிரிந்திருந்தால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், நீதிபதி மனசு.
பிறகு இருவரையும் நிறுத்தி, இப்போதும் சம்மதமா என்று கேட்பார்.
பொய் சொல்லக்கூடாது. செ.யைப் பற்றிக் கேட்டாலும்.
தீர்ப்புக்குப் பிறகு செ.யோடு புதிதாகக் கல்யாணம், பதிவு.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது பஸ் வளைவில் திரும்பியது. எழுத்து கோணல். பஸ்ஸால் மட்டும் இல்லை.

நடுவில் ஒன்று விட்டுவிட்டேன். நோட்டீஸில் ரா.வின் எண் இருந்தது. பஸ் நிலையத்தில் நின்று கூப்பிட்டேன்.

"யாரு?"

"நான்தான். பெருமாளு. நல்லா இருக்கியா?"

"பயந்துட்டீகளா?"

"இல்ல."

"பயந்திருப்பீக. பேச்சக் குறைச்சிட்டீகளே." எஸ்டேட் லாரி ஓட்டுகிறவர் ஒருவர், சம்சாரம் இறந்தவர், அவளைக் கல்யாணத்துக்குக் கேட்கிறாராம். பதிவு ஆபீஸுக்குப் போனால், கோர்ட்டுத் தாள் எங்கே என்றார்களாம். "துரும்பக் காட்டவா முடியும்? நானும் அத நம்பித்தான் இருந்தேன். இங்கிலீசுல எழுதுனது வக்கீலு. நான் சண்டைக்கு வரல."

"உன் பாதி இருக்கா?"

"அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன்." பிறகு, குரல் தாழ்த்தி, "எனக்கும் பயந்தான். நீங்க வராமப் போயிட்டா நான் என்ன செய்ய? வயசு நாப்பது ஆச்சு."

"வர்றேன். செல்விகிட்ட இன்னும் சொல்லல."

"வெரசாச் சொல்லுங்க. உங்க நம்பர வக்கீல் ஆபீஸுக்குக் குடுக்கணும். வியாழக்கிழமை கூப்புடுவாக."

சரி என்றுவிட்டேன். எங்கள் வீட்டில் டவர் கிடைப்பது அடுப்படி ஜன்னலில் மட்டும். வீட்டுக்கு வந்தால் போன் அங்கேதான் கிடக்கும். அந்த நேரத்தில் இது நினைவுக்கு வரவில்லை.

மாசி 12, செவ்வாய்

சாரல். சொல்லவில்லை.

சொல்லத்தான் போனேன். அடுப்புக்கு மேலே விதைப்பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். "செல்வி," என்றேன். "ம்," என்றாள். நரி ஒன்று மன்னவனூர் ஏரியில் விழுந்த கதையைச் சொன்னேன். பழைய கதை. இருந்தும் சிரித்தாள். "பல்லு சரியாப்போச்சு போல," என்றாள்.

மாசி 13, புதன்

சொல்லவில்லை. தேன்மொழிக்குப் பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். நான், அம்மா, ராணி. ராணிக்குத்தான் பெரிய இடம். செ. கழுத்தில் தாலியை மஞ்சள் கலரில் அழுத்தி அழுத்தி வரைந்திருக்கிறாள். தாள் கிழிந்து ஓட்டை.

மாசி 14, வியாழன்

வெயில் வந்துவிட்டது. கொட்டத்தில் இருக்கிறேன். போனை எடுத்துவரப் போனேன், செ. ஜன்னலுக்குக் கீழேதான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிவிட்டேன். போய் எடுத்தால் யாருக்கு என்பாள்.

இப்படிச் சொல்லலாம்: செல்வி, உட்காரு. யாரும் சாகல, எதுவும் விக்கல. நமக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருசம், ஆனா

வேண்டாம். "ஆனா" வந்தாலே எழுந்துவிடுவாள்.

செல்வி, என்ன இன்னொரு தடவ கட்டிக்கிறியா?

சிரிப்பாள். ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குத்தான்

போன் அடிக்கிறது. நின்றுவிட்டது. பேசுகிறாள். "யாரு? எந்த ஆபீஸு?" முறத்தின் சத்தம் இல்லை.

"ஏங்க." கூப்பிடுகிறாள். "யாரோ வக்கீல் ஆபீஸாம். ராசாத்தியோட வீட்டுக்காரர் வீடான்னு கேக்காக. நான் என்னன்னு சொல்லட்டும்?"

நோட்டே, எழுந்திரு. வாயால் வராது. எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள்தானே, உன்னையே அவள் கையில் கொடுக்கிறேன், படிக்கட்டும்.