கல் உப்புப் போட்ட சோப்பு

ஜனவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் கைகளைத் தவிர. குளிர் தொடங்கியதிலிருந்து ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வந்து விழுகின்றன. அலசி அலசி உள்ளங்கை வெடித்துவிட்டது. கையெழுத்து கோழி கிண்டியது போல இருந்தால் சிரிக்காதே. போனில் பேசலாம்தான். ஆனால் நம் பேச்சில் பாதி உன் அண்ணனைப் பற்றிய புகார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? நமக்குக் கடிதம்தான் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மேற்பார்வைக்கார அக்கா ஒரு உப்புச் சோப்பு கொண்டு வந்தாள். தேங்காய் எண்ணெயும் உப்பும் போட்டு யாரோ வீட்டிலேயே செய்ததாம். ஒரே ஒரு தடவைதான் கை கழுவினேன். மாலை வரைக்கும் தோல் இழுக்கவில்லை. அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நானும் செய்ய வேண்டும். நீ கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அமிலத்தோடும் காரத்தோடும் குடித்தனம் நடத்துகிறவள். எப்படி என்று எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் அண்ணன் திங்கட்கிழமை அங்கே கிளம்புகிறார். லிஃப்ட் மாட்டுகிற வேலை இன்னும் முடியவில்லையாம். ஒரு வருஷமாக மாதத்தில் பாதி நாள் அவருக்குச் சோறு போட்டு, அவர் குறட்டையையும் சகித்துக்கொண்டிருக்கிறாய். தொப்பை வேறு போட்டுவிட்டது. உன் கைப்பக்குவம் அவ்வளவு நன்றாகிவிட்டதா? எனக்குப் பொறாமைதான். நீ குடிபோன புது வீடு எப்படி? அவரைக் கேட்டால் "ம், நல்லாருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. நீயாவது எழுது.

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 12

அன்பு அண்ணிக்கு,

உங்கள் வாலு. கடிதம் கிடைத்தது. கைக்கு முதலில் மருந்து போடுங்கள், அப்புறம் சோப்பு.

அளவுகளைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கண்ணளவு, கையளவு எல்லாம் இதில் செல்லாது, தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தண்ணீரை அதன் தலையில் ஊற்றினால் பொங்கி முகத்தில் அடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தைத் தொடவே கூடாது, சோடா அதைத் தின்றுவிடும். கரைசல் ஆறிய பிறகு தேங்காய் எண்ணெயில் ஊற்றிக் கடையுங்கள். தயிர் போலக் கெட்டியானதும் கடைசியாக உப்பு. பொடி உப்பு மட்டும்தான், அண்ணி.

இன்னொன்று. மற்ற சோப்பை மறுநாள் வெட்டலாம். இது அப்படியில்லை. சூடு ஆறுவதற்குள் வெட்டிவிட வேண்டும். ஆறவிட்டால் நீங்கள் வெட்டுகிற இடத்தில் வெட்டுப்படாது, அதற்குப் பிடித்த இடத்தில் உடையும். அதன் பிறகு ஒரு மாதமாவது காற்றில் காய வேண்டும். அவசரப்பட்டுப் பூசிக்கொள்ளாதீர்கள்.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. காய்கறிப் பையோடு ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. அண்ணன் நன்றாக இருக்கிறான்.

உங்கள்
வாலு

ஜனவரி 21

என் வாலுவுக்கு,

சோப்புத் தொழிற்சாலை முதலாளியம்மா எழுதுகிறேன்!

ஞாயிற்றுக்கிழமை அடுப்படியைக் கழுவி, கையுறை மாட்டி, உன் அண்ணன் வெல்டிங்குக்குப் போடுகிற கண்ணாடியையும் மாட்டிக்கொண்டேன். பால்காரர் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வீட்டுக்குள்ள குண்டு ஏதும் செய்றீங்களா?" என்றார். சோடா தண்ணீரில் விழுந்ததும் அடுப்பே இல்லாமல் ஆவி பறந்தது பார், நான் நாலடி பின்னால் ஓடிவிட்டேன். பிறகு கை ஓயும் வரை கடைந்தேன். நீ சொன்னபடி தயிராக வந்தது. அந்த நேரம் பார்த்து உப்பு டப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு கரண்டிதான் பொடி உப்பு. கலவையோ கண் முன்னால் இறுகுகிறது. கடைக்கு ஓட நேரம் ஏது? கல் உப்பு இருந்தது, அள்ளிப் போட்டுவிட்டேன். உப்பு உப்புதானே! திட்டாதே.

பாதியைத் தட்டில் ஊற்றினேன், பாதியைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில். அதற்குள் ஓட்டலிலிருந்து ஆள் குறைவு என்று கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்து தட்டில் கத்தியை வைத்தால், செங்கல் உடைகிற மாதிரி படீரென்று நாலு பக்கமும் தெறித்தது. உன் பேச்சைக் கேட்காததற்குத் தண்டனை. ஆனால் கிண்ணத்தில் ஊற்றியதெல்லாம் அழகு. வட்ட வட்டமாக, வெள்ளை வெளேரென்று எட்டு. ஊற்றிய கையோடு ஒவ்வொன்றின் தலையிலும் அந்த நீலக் கோட்டின் பெரிய பட்டனை அழுத்தி முத்திரை வைத்தேன். உன் கல்லூரிக் காலத்தில் நாம் இரண்டு பேரும் முறை வைத்துப் போட்டுக்கொண்டோமே, அதே கோட்டுதான்.

இப்போது அலமாரி மேல் காய்கின்றன. தினம் இரண்டு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அண்ணி

பிப்ரவரி 26

வாலு,

அவசரக் கடிதம். உன் அண்ணன் நாளைக் காலை கிளம்புகிறார். எட்டில் ஆறு சோப்பை உனக்கென்று துணியில் சுற்றி அவர் பையில் வைத்திருக்கிறேன். நான் இன்னும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. குருவுக்குத்தான் முதல் மரியாதை. நீ போட்டுப் பார்த்து எழுதிய பிறகுதான் நான் போடுவேன். உள்ளதை உள்ளபடி எழுது. நீ எனக்குச் சோப்புப் போட வேண்டாம், சோப்பை நீ போட்டுக்கொண்டால் போதும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்புச் சோப்பே இட்டவளை எவ்வளவு நினைக்க வேண்டும்? நீயே பார்த்துக்கொள்.

அண்ணி

மார்ச் 7

அன்பு அண்ணிக்கு,

சோப்பு பத்திரமாக வந்து சேர்ந்தது. என்ன அழகு! முதல் தடவை செய்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு வாரமாக அதைத்தான் போடுகிறேன். தோல் பட்டு மாதிரி ஆகிவிட்டது. அண்ணனும் அதையேதான் போட்டுக் குளிக்கிறான். ஆய்வுக்கூடத்தில் ஒருத்திக்கு ஒன்று கொடுத்தேன், எங்கே வாங்கினாய் என்று துளைத்து எடுக்கிறாள். நீங்கள் தாராளமாகப் போடலாம்.

இங்கே தேர்வு நேரம், வேலை கழுத்தை நெரிக்கிறது. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

உங்கள்
வாலு

மார்ச் 13

வாலுவுக்கு,

உன் கடிதம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேற்பார்வைக்கார அக்காவிடம் படித்துக் காட்டினேன். "பட்டு மாதிரியாம்!" என்று பெருமை அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து நானும் ஒன்றை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

தோளில் ஒரு இழுப்புத்தான் இழுத்தேன். கோடு கோடாகச் சிவந்து, ஒரு இடத்தில் ரத்தம் துளிர்த்துவிட்டது. உள்ளே ஒவ்வொரு உப்புக் கல்லும் அப்படியே முழுசாக நிற்கிறது. ஒரு சோப்பு மட்டும் இப்படியோ என்று அடுத்ததை எடுத்தேன். அதுவும் அதேதான். தட்டில் உடைந்த துண்டுகளும் அதேதான். மறுநாள் அக்காவுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். தேய்த்த உடனே கையை உதறிக்கொண்டு, "அடியே, இது சோப்பா, உப்புத்தாளா?" என்றாள். எல்லாம் ஒரே பாத்திரத்தில் கடைந்தது. உனக்கு மட்டும் பட்டாக வர வழியில்லை.

ஒரு சொட்டுக் கூடினாலும் குறைந்தாலும் மாணவர்களை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள் நீ. பொடி உப்பு மட்டும்தான் என்று எழுதியவளும் நீ. அந்தச் சோப்பை ஒரு முறை தொட்டிருந்தால் நாலு பக்கத்துக்கு என்னைத் திட்டியிருப்பாய். நீ தொடவில்லை. வந்திருந்தால் தொடாமல் இருக்கிறவளும் நீ இல்லை. உன் கைக்கு அது வரவேயில்லை.

இங்கிருந்து அவர் பையில்தான் போனது. அப்படியானால் அந்தப் பை எந்த வீட்டில் இறங்கியது? அவர் எந்த வீட்டில் இறங்குகிறார்?

நீ வேண்டாம் என்ற மாப்பிள்ளையை இந்தக் குடும்பமே சேர்ந்து உன் தலையில் கட்டப் பார்த்தபோது, வாசலை மறித்துக்கொண்டு நின்றவள் நான். உங்கள் அம்மா அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினார். அன்றைக்கு நீ என் மடியில் தலை வைத்து, "அண்ணி, யாருகிட்ட பொய் சொன்னாலும் உங்ககிட்ட சொல்லவே மாட்டேன்" என்று அழுதாய். நான் கேட்காமலே நீ சொன்ன வார்த்தை அது.

எனக்கு முகவரி வேண்டாம். உண்மையை எழுது.

அண்ணி

மார்ச் 24

அண்ணி,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துப் போட்டேன்.

அண்ணன் என் வீட்டில் தங்குவதில்லை. ஆரம்பத்தில் இரண்டு மாதம் தங்கினான், அவ்வளவுதான். புது வீட்டுக்கு அவன் வந்ததே இல்லை. இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்த அன்று சண்டை போட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "உன் அண்ணிக்குத் தெரிஞ்சா நான் செத்துருவேன். சீக்கிரம் முடிச்சுக்கறேன், அதுவரைக்கும் உன் வீட்லதான் இருக்கேன்னு சொல்லு" என்றான். அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. சரி என்றேன். அப்புறம் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே வந்தேன். சோப்பு வந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள் என்றேன். "வந்துச்சுன்னு எழுதிடு, நல்லாருக்குன்னு எழுதிடு" என்றான். எழுதினேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னாள். "அவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு? படுத்த படுக்கையா இருக்காங்கன்னு சொல்லி ரொம்ப வருத்தப்படுவார்" என்றாள். உங்களைத்தான் சொல்கிறாள் என்று புரியவே எனக்குச் சற்று நேரம் ஆனது. கை கழுவப் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் நீலக் கோட்டுப் பட்டன் முத்திரையோடு உங்கள் சோப்பு. "கடையில வாங்கிட்டு வந்தார். உடம்புக்கு ஆகல, தரை தேய்க்கத்தான் வச்சிருக்கேன்" என்றாள்.

மிச்சம் இருந்த இரண்டைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். உங்களுக்குச் சேர வேண்டியது என்று தோன்றியது. அனுப்பவும் தைரியம் இல்லை.

கூடப் பிறந்தவன் என்ற ஒன்றைத் தவிர என்னிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. நல்ல வார்த்தை வேண்டாம், திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள், அண்ணி.

வாலு

மே 16

உனக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. சோப்பு காய வேண்டியிருந்தது.

உன் அண்ணன் வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். "தங்கச்சி வீட்டுக்கு லிஃப்ட்ல போவீங்களா, படியிலயா?" என்று கேட்டேன். "லிஃப்ட்லதான், பின்ன என்ன?" என்றார். இத்தனை வருஷமாக லிஃப்ட் வேலை பார்க்கிற மனிதர், இல்லாத லிஃப்டில் ஏறிப் போய்விட்டார். உன் கடிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தார், கை கழுவினார், பையை எடுத்துக்கொண்டார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான். அது அவர் பாடு.

படுத்த படுக்கையாக இருக்கிறவள் ஊரார் படுக்கை விரிப்பையெல்லாம் துவைக்கிறாள் என்று அக்காவிடம் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் மட்டும் உட்கார்ந்து அழுதேன். அவருக்காக அழுகிறேன் என்று நினைத்து அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அவருக்காக இல்லை. புருஷன் ஏமாற்றுவது உலகத்தில் இல்லாத கதையில்லை, அதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் அப்படி ஒன்று நடந்தால் போய் அழுவதற்கு எனக்கு இருந்த ஒரே இடம் நீ. ஒரு வருஷமாக அவரைப் பற்றிய குறையெல்லாம் உனக்குத்தான் எழுதினேன். குழம்பில் உப்புக் குறைந்தால் முகம் திருப்புகிறார் என்று எழுதினேன், நீ சமாதானம் எழுதினாய். அவரை நன்றாகக் கவனிப்பதற்கு உனக்கு நன்றி எழுதினேன், அதையும் வாங்கி வைத்துக்கொண்டாய். படிக்கும்போது ஒரு தடவைகூட உனக்கு நெஞ்சு குத்தவில்லையா? அவருக்கு நான் மனைவி மட்டும்தான். உனக்கு நான் யாராக இருந்தேன் என்று நினைத்து வைத்திருந்தேனோ, அந்த ஆளை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

திட்டச் சொன்னாய். வரவில்லை. சூடு இருந்தபோதே நீ என்னிடம் சொல்லியிருந்தால் எங்கே வெட்டுவது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்திருக்கலாம். அவரைத்தான் வெட்டியிருப்பேன், உன்னை இல்லை.

இனி அண்ணி என்று எழுதாதே. அந்த உறவு உன் அண்ணன் வழியாக வந்தது, அவரோடு போகட்டும். நீ வாங்கி வந்த இரண்டு சோப்பும் எனக்கு வேண்டாம். தரை நன்றாகத் தேய்க்குமாம், வைத்துக்கொள்.

இதோடு ஒரு சோப்பு இருக்கிறது. உன் கடிதம் வந்த வாரம் புதிதாகச் செய்தேன். தராசில் நிறுத்தி, பொடி உப்பு போட்டு, சூடு ஆறுவதற்குள் வெட்டினேன். முத்திரை கிடையாது. பதினைந்து நாளாக இதைத்தான் போடுகிறேன், கை வெடிப்பு மூடிவிட்டது. நிஜமாகவே பட்டு மாதிரிதான் வந்திருக்கிறது.

போட்டுப் பார். எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம்.