கூலியாக வந்த நீலப் பனியன்

வண்டி துடைக்க இன்று காலை துணி தேடியபோது அந்த நீலப் பனியன் கையில் அகப்பட்டது. கழுத்துப் பட்டி நைந்து, மார்பிலிருந்த முத்திரை பாதி உதிர்ந்துவிட்டது. என் முதல் கட்டுரைக்குக் கிடைத்த கூலி! தனியாக நின்று சிரித்தேன்.

சரவணம்பட்டி அலுவலகத்தில் நீ எனக்கு அடுத்த நாற்காலி. புரோகிராமர்களுக்குப் படிப்படியாகச் சொல்லித்தரும் கட்டுரை ஒன்றை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் இணையதளத்துக்குக் கேட்டிருந்தது. மூன்று வாரம் சனி ஞாயிறு பாராமல் எழுதினேன். நீ அதிலிருந்த புரோகிராமை உன் பழைய லேப்டாப்பில் வரிவரியாக ஓட்டிப் பார்த்து, ஒன்பதாவது படியில் எல்லாம் படுத்துவிடுகிறது என்று கண்டுபிடித்தாய். அப்படியே போயிருந்தால் என் மானம் போயிருக்கும்.

எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள். தென்னை ஏறுபவர் முதல் கல்யாணச் சமையல்காரர் வரை நம் ஊரில் சொல்வதைத்தான் நானும் ஆங்கிலத்தில் எழுதினேன்: நீங்களே பார்த்துக் கொடுங்கள். பார்த்தார்கள். பனியன் வந்தது.

உள்ளே தைத்திருந்த சீட்டைப் புரட்டினாய்.

"அட கெரகமே! இந்தியாவுல தெச்சதுன்னு போட்டிருக்குது. திருப்பூராத்தான் இருக்கும். இங்கிருந்து சீமைக்குப் போயி, உன்ற கூலியா திரும்பி வந்திருக்குது பாரு!" சிரித்து ஓய்ந்ததும் திட்டினாய். "காங்கேயத்துல உங்கப்பா வெல பேசாம தேங்கா லோடு ஏத்துவாரா அம்மணி? உனக்கு மட்டும் என்ன கூச்சம்?"

அடுத்த கட்டுரைக்கு நீயே பக்கத்தில் உட்கார்ந்து தொகையை எழுத வைத்தாய். கடைசி சைபரை அழிக்கப் போன என் கையைப் பிடித்தாய். "அனுப்பு. வேண்டாம்னா வேண்டாம்பாங்க, அடிக்கவா போறாங்க?"

ஒரு மணி நேரத்தில் சரி என்று பதில் வந்தது. பேரமே இல்லை. நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"கம்மியாக் கேட்டுப்போட்டமோ?"

பணம் வந்ததும் உன் பங்கு எவ்வளவு என்று கேட்டேன். எனக்கு அத்தனை உபதேசம் செய்த வாய் என்ன சொன்னது?

"அட, பாத்துக் குடு அம்மணி."

சரி, பார்க்கலாம் என்று நானும் இருந்துவிட்டேன். அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழவேயில்லை. அதில்தான் உன்மேல் இன்னும் கோபம். என்மேல் அதைவிட.

இப்போது அதே மாதிரி கட்டுரைகளை எழுதி வாங்குவது என் வேலை. போன வாரம் சென்னிமலைப் பெண் ஒருத்தி பிரமாதமாக எழுதி அனுப்பினாள். தொகை கேட்டால், "நீங்களே பாத்துக் குடுங்க மேடம்" என்கிறாள்!

"பாக்கறதெல்லாம் ஆகாதுங்க. நீங்க தொகையச் சொன்னாத்தான் கட்டுரை ஏறும்" என்றேன். எனக்கே உன் குரல் மாதிரி கேட்டது. சொன்னாள், கம்மியாக. பில்லில் கூட்டிப் போட்டேன்.

அதன் கீழே இன்னொரு வரி எழுதினேன்: ஓட்டிப் பார்த்தவருக்கு இவ்வளவு. நான் வாங்கும் எல்லாக் கட்டுரைக்கும் அந்த வரி உண்டு. முதல்முறை பார்த்தபோது இது எதற்கு என்று மேலதிகாரி கேட்டார்.

"ஒன்பதாவது படிக்குங்க சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தொகையை மட்டும் நான் யாரையும் கேட்பதில்லை. நீ சொன்னபடி, நானே பார்த்துத்தான் கொடுக்கிறேன்.