கௌரிக் காப்பு

கோப்பாய்
20.10.1990

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று அகதி முகாமில் நிவாரணப் பதிவு; படிவம் நிரப்புவது என் வேலை. பருத்தித்துறைப் பெண் கமலாவதி வந்தாள். கடலுக்குப் போன கணவன் ஆறு மாதமாகத் திரும்பவில்லை. 'விதவை' என்று ஒப்பமிட்டால் மூன்று பிள்ளைகளுக்கும் உதவி கிடைக்கும். காணாமற் போனவர்களுக்குப் படிவத்தில் இடமில்லை.

"வெறும் கடதாசிதானே பிள்ளை, கையெழுத்தை வையும்" என்றேன்.

அவள் இடக்கையை நீட்டினாள். கணவனின் ஆயுளுக்காக விரதமிருந்து முந்தாநாள் கட்டிய கௌரிக் காப்புக் கயிறு.

"இதைக் கட்டிக்கொண்டு, அவர் இல்லை எண்டு எப்பிடி அக்கா எழுதுறது?"

பிள்ளைகளின் பசியைச் சொல்லி வற்புறுத்தினேன். அழுதபடி எழுதினாள்.

அவ்வளவு நேரமும் என் இடக்கையை மேசைக்குக் கீழே மறைத்து வைத்திருந்தேன். நானும் முந்தாநாள்தான் காப்புக் கட்டினேன். அதே படிவம் இரண்டு வருடமாக என் மேசை லாச்சியில் வெறுமையாகக் கிடக்கிறது.

இதை எங்கே அனுப்புவதென்று தெரியாத,
உங்கள் மனைவி